தெரிந்து செய்த பிழை

சுவாமிமலையில் உலோகத் திருமேனிகள் வார்க்கும் சிற்பக்கூடங்களுக்குள் சென்று சற்றுநேரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே பேச்சு குறைவு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் மாணாக்கன் ஒருவன் ஒரு கரத்தை உருவாக்கிக்கொண்டிருப்பான். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துக் குறித்த அளவுகோல் அவன் பக்கத்தில் கிடக்கும். மூத்த ஸ்தபதி அவ்வழியே போகும்போது நின்று பார்ப்பார். சூடேற்றிய சிறு கருவியால் மணிக்கட்டில் ஓரிடத்தைத் தொட்டு மெழுகை வழித்தெடுப்பார். ஓலையை எடுத்து ஒருமுறை வைத்துக் காட்டுவார். பிறகு தம் வேலைக்குப் போய்விடுவார். மாணாக்கன் முகம் சுளிப்பதில்லை. தன்னை யாரோ தாழ்த்திவிட்டதாக எண்ணுவதுமில்லை.

அவனால் ஏன் அவ்வாறு இருக்க முடிகிறது? அவனுடைய பணிவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, வேலை இன்னும் மெழுகில் இருக்கிறது. அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, மேலும் மண் அப்பி, கம்பி கட்டி, நெருப்பிலிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிய பிறகு அரமும் உளியும் செய்யக்கூடியது ஓரளவுதான். கருவையும் உடைத்தாகிவிடும், அதே அச்சில் இன்னொன்று வார்க்க வழியில்லை. ஆகவே மெழுகில் சொல்லப்படும் குறையால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவது, அந்த ஓலை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருவருக்கும் பொதுவான ஓர் அளவு கிடக்கிறது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று அங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓலையே சொல்லிவிடும்.

இனி, நம் இளைஞர்கள் எடுக்கும் புகைப்படங்களுக்கு வருவோம். இந்த இரண்டு வசதிகளுமே அங்கே இல்லை.

இன்று வீட்டுக்கு ஒரு கேமரா என்பதுகூடக் குறைவான கணக்கு. கைப்பேசி வந்தபின் ஆளுக்கொரு கேமரா ஆகிவிட்டது. தேர்பவனியில் சப்பரத்தைத் தூக்குவோரைவிடப் படம் எடுப்போர் அதிகம் என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். ஆயினும் அவர்களுள் சிலர் உண்மையாகவே பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். விடியற்காலையில் அரசலாற்றங்கரைக்குப் போய் ஒளிக்காகக் காத்திருக்கிறார்கள். எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்று நீட்டுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழி என்ன? பெரும்பாலும் "சூப்பர்" என்ற ஒரு சொல், இல்லாவிட்டால் கிண்டல். இரண்டும் வேறு வேறாகத் தோன்றினாலும் வேர் ஒன்றே. இரண்டிலும், நின்று பார்க்கும் உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்கிறோம். (ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும் எந்தக் குருவுக்கும் இந்த "சூப்பர்" பழக்கமானதே. "பிரசங்கம் நல்லா இருந்துச்சு சாமி" என்று சொல்லிவிட்டுப் போகும் அன்பரை நிறுத்தி, "எது நன்றாக இருந்தது?" என்று கேட்கும் துணிவு நம்மில் யாருக்கு உண்டு?)

பிறர் குறையை எடுத்துச் சொல்வது பற்றிக் குருமடத்தில் நாம் படித்தவை ஏராளம். மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் காட்டும் ஒழுங்கை எல்லாரும் அறிவோம்: முதலில் தனியே செல், பிறகு ஒருவர் இருவரோடு செல், ஊரைக் கூட்டுவது கடைசியில்தான். புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் சகோதரத் திருத்தத்தை நீதியின்கீழ் வைக்காமல் அன்பின் செயலாகவே வைக்கிறார். அதை ஒருவகைத் தருமமாக, பசித்தவனுக்குச் சோறிடுவதற்கு ஒப்பாகக் கருதுகிறார். சொன்னால் கேட்பவன் இன்னும் கெட்டுப்போவான் என்று தெளிவாகத் தெரியுமானால் அப்போது சொல்லாமலிருப்பதே முறை என்றும் கூறுகிறார். இவற்றையெல்லாம் அப்படியே எடுத்துப் புகைப்பட விமர்சனத்தின்மேல் வைத்துவிடலாமே என்று தோன்றும். நம்மில் சிலர் அப்படிச் செய்வதுமுண்டு. ஆனால் அது பொருந்தாது. சகோதரத் திருத்தம் பாவத்தைப் பற்றியது. கோணலாகப் போன தொடுவானம் பாவமன்று. படத்தின் குறையைச் சுட்டும்போது ஒழுக்கக் குறையைச் சுட்டுபவரின் முகபாவத்தை அணிந்துகொள்வதால்தான் பாதி மனவருத்தங்கள் உண்டாகின்றன.

இந்த வேறுபாட்டை அக்குவினாரே வேறோரிடத்தில் கூர்மையாகக் காட்டியிருக்கிறார். அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியலைப் பின்பற்றி, கலையையும் விவேகத்தையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். கலையில், தெரிந்தே தவறு செய்பவன் தெரியாமல் தவறு செய்பவனைவிட மேலானவன். ஒழுக்கத்திலோ இது தலைகீழ். தெரிந்தே தவறுபவன்தான் கீழானவன். முதலில் கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றும். சற்று எண்ணிப் பாருங்கள். பெயர்பெற்ற நாதசுரக் கலைஞர் ஒருவர் ஓரிடத்தில் சுரத்தை வேண்டுமென்றே வளைத்தால் அவருடைய வித்தை குறைவதில்லை. தெரியாமல் வளைந்தால் குறைகிறது. ஆனால் வேண்டுமென்றே பொய் சொன்னவனை, அறியாமல் தவறான செய்தி சொன்னவனைவிட மேலானவன் என்று யாரும் சொல்லமாட்டோம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு படத்தில் ஒரு குறை கண்ணில் பட்டால், விமர்சகர் முதலில் சொல்ல வேண்டியது தீர்ப்பு அன்று. "இதைத் தெரிந்து செய்தாயா?" என்ற கேள்வியே முதலில் வர வேண்டும். ஓலை இல்லாத இடத்தில் அந்தக் கேள்விதான் ஓலை.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்த வினைக்குப் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. அது முடிவது நம் இனத்தவர் வாழும் மண்ணில். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், தம் 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கேமராவைக் கொண்டு இங்கிலாந்தின் வைட் தீவில் படம் எடுக்கத் தொடங்கினார். கோழிக்கூடு ஒன்றைக் கண்ணாடி அறையாக மாற்றிக்கொண்டார். கவிஞர் டென்னிசன், அறிவியலாளர்கள் டார்வின், ஜான் ஹெர்ஷல் முதலியோரின் முகங்களை மிக அருகில், ஃபோகஸ் சற்றே கலங்கியிருக்க எடுத்தார். அந்நாளில் புகைப்படம் என்றால் ஊசிமுனைத் தெளிவு. ஆகவே லண்டன் புகைப்படச் சங்கத்தின் ஏட்டில் 1865இல் அவர் கடுமையாகக் குறைகூறப்பட்டார். கருவியைக் கையாளத் தெரியாத பெண்மணி என்பதே அந்தக் குறைகூறலின் சாரம். அம்மையாரோ முன்பே தம் நண்பர் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், எது முறையான ஃபோகஸ் என்று விதிக்க யாருக்கு உரிமை என்ற பொருளில் கேட்டிருந்தார். அது அவர் தெரிந்து செய்தது. முதலில் தற்செயலாக வந்திருக்கலாம். கண்டு, பிடித்து, வைத்துக்கொண்டார்.

கதை அதோடு முடிந்துவிட்டால், "விமர்சகர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே" என்ற மலிவான பாடம்தான் மிஞ்சும். அவ்வாறு முடியவில்லை. அவருடைய கண்ணாடித் தகடுகளில் வேறு குறைகளும் இருந்தன: தூசி, கோடுகள், விரல் பட்ட தடம். 1869 அளவில் அவருடைய விலைமதிப்பற்ற தகடுகள் பலவற்றில் பூச்சு நுண்ணிய விரிசலாக வெடிக்கத் தொடங்கியது. அப்போது அவர் தம்மைக் குறைகூறிய அதே புகைப்படச் சங்கத்தாரிடம் சென்று காரணம் கேட்டார். இதுதான் நம் மனத்தைத் தொடுவது. ஃபோகஸ் பற்றி அவர்கள் சொன்னதை ஏற்காதவர், இரசாயனம் பற்றி அவர்களிடம் மாணவியாகப் போய் நின்றார். எந்தக் குறை தம்முடைய தேர்வு, எந்தக் குறை தம் அறியாமை என்று அவருக்கே தெரிந்திருந்தது. கருத்தைப் பெற்றுக்கொள்வது என்பதற்கு இதைவிட நேர்மையான உருவம் நமக்குத் தெரியவில்லை.

விமர்சனம் சொல்பவர் தவறான கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வருவதும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவரின் படங்களுக்கு 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் நடுவர்கள் முதல்தரப் பதக்கம் அளித்தனர். பின்னர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்த அவர், 1858இல் தஞ்சைப் பெருவுடையார் கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அழகுக்காக அன்று, படிப்பதற்காக. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் இந்தப் பணியை ஆடம்பரச் செலவாகக் கண்டார், பணி நின்றது. கருவூலத்தின் அளவுகோலால் அளந்தால் அவர் சொன்னது தவறென்று சொல்ல முடியாது. அளவுகோல்தான் அந்தப் படத்துக்கு உரியதன்று.

இன்னொருவரைப் பற்றியும் ஒரு சொல். பீட்டர் ஹென்றி எமர்சன் 1887இல் லண்டனில் பொழுதுபோக்காளர்களுக்கென ஓர் இதழ் நடத்திய போட்டியில் நடுவராக இருந்து, ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற 23 வயது இளைஞருக்கு முதற்பரிசு கொடுத்தார். அந்த ஊக்கம் வீண்போகவில்லை. புகைப்படத்தைக் கலையாக உலகம் ஏற்கப் பின்னாளில் பெரிதும் உழைத்தவர் அந்த இளைஞரே. எமர்சன் 1889இல், புகைப்படம் இயற்கையைக் கண் காண்பதுபோல் காட்டும் கலை என்று நூல் எழுதினார், பலர் பின்பற்றினர். மறு ஆண்டே, புகைப்படம் கலையே அன்று என்று கருத்தை மாற்றிக்கொண்டு, இரங்கல் ஓலைபோல் கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீட்டில் அதை அறிவித்தார். அவருடைய மாணாக்கர் என்ன பாடுபட்டிருப்பர்! ஆயினும் நாம் அவரை மதிக்கிறோம். புனித அகுஸ்தீனார் தம் முதுமையில் தாம் எழுதிய நூல்களையெல்லாம் வரிசையாக எடுத்துத் தாமே திருத்தங்கள் எழுதினார் அன்றோ? பிறரை அளப்பவர் தம் அளவுகோலையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பெற்றுக்கொள்ளும் பக்கத்தைப் பற்றிச் சுவாமிமலையில் இருந்துகொண்டு பேசும்போது, அவ்வூர்க் கோவிலின் தல வரலாற்றைத் தவிர்க்க இயலாது. பிரணவத்தின் பொருளை மகன் உரைக்க, தந்தை மாணவனாக அமர்ந்து கேட்டார் என்பதே அவ்வூரின் பெருமை. தகப்பன்சாமி என்ற பெயரும் அதனால் வந்ததே. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அமைந்த 60 படிகளை ஏறி மக்கள் சென்று வணங்குவது அந்த நிலையைத்தான். நம் சமயத்தவர் அல்லாத அண்டை வீட்டாரின் இந்த நம்பிக்கையை, நம் மரபின் ஒரு பக்கத்தோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்ததைக் கலாத்தியர் திருமுகம் மறைக்கவில்லை. அந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு அக்குவினார், கீழிருப்பவர் மேலிருப்பவரைத் திருத்தலாம், ஆனால் மரியாதையோடும் மென்மையோடும் என்கிறார். இளையோரால் திருத்தப்படுவதை இழிவாகக் கருதலாகாது என்பதற்குப் பேதுருவை மாதிரியாகவும் காட்டுகிறார். கேட்கும் இடத்தில் வயதுக்கும் பதவிக்கும் ஆசனம் இல்லை என்பதில் இரு மரபுகளும் ஒத்துப்போகின்றன.

இவ்வளவும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஜெராக்ஸ் கடையில் வேலை செய்பவர், சம்பா நடவின்போது எடுத்த ஒரு படத்தைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். சேற்று வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். ஒருத்தியின் கை மட்டும் நாற்றுமுடியை வீசும் வேகத்தில் கலங்கித் தெரிகிறது. தூரத்து வரப்பு ஒருபுறம் சரிந்திருக்கிறது. நடுவர் எல்லார் முன்னிலையிலும் படத்தை உயர்த்திக் காட்டி, கை கலங்கல், வரப்பு கோணல், இப்படி எடுக்கக்கூடாது என்பதற்கு இது உதாரணம் என்று சொல்லிவிட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்ததாம். இரண்டு மாதம் அவர் கேமராவைத் தொடவில்லை.

நம்மிடம் படத்தைக் காட்டியபோது நாம் கேட்டது அந்த ஒரே கேள்வியைத்தான். கை கலங்கியது தெரிந்து செய்ததா? ஆம், அந்த வேகம் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி எடுத்தேன் என்றார். வரப்பு சரிந்தது? சற்றுத் தயங்கி, "வரப்பு வழுக்குச்சு சாமி, பார்க்கலை" என்றார். ஒரே படத்தில் இரண்டு குறைகள். ஒன்று அவருடைய சொல், மற்றது அவருடைய கால் வழுக்கல். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால், நடுவர் சரியாகச் சொன்ன ஒன்றும் அவர் காதில் ஏறாமல் போயிற்று. சபையில் சொன்னதோ அதைவிடக் கெடுதல். சுவாமிமலை மாணாக்கனின் மெழுகு அவன் கையில் இருக்கிறது. புகைப்படமோ பொத்தானை அழுத்திய கணமே வார்த்து முடிந்த திருமேனி. அதைத் திருத்த முடியாது. இன்னும் இளகிய மெழுகாய் இருப்பது எடுத்தவரின் கண் மட்டுமே. திருத்தம் செல்ல வேண்டிய இடம் அது. அதைப் பலர் நடுவே சூடுபடுத்தினால் உருவம் அமைவதில்லை, உருகி ஓடிவிடுகிறது.

ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நாம் கேட்ட சிறந்த விமர்சனம் நடுவருடையதும் அன்று, நம்முடையதும் அன்று. பொங்கலையொட்டி இளைஞர்கள் தங்கள் படங்களைப் பங்கு மண்டபத்தில் மாட்டிவைத்திருந்தபோது, படத்தில் இருந்த பெண்களுள் ஒருவரே வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த இளைஞரிடம், "எங்க முதுகத்தான எடுத்திருக்க தம்பி. மூஞ்சி ஒண்ணும் காணலையே. யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இந்தக் கேள்வி மெழுகுக்கும் ஓலைக்கும் அப்பாற்பட்டது. படம் எடுப்பவரும் குறை சொல்பவரும் தங்களுக்குள் ஒளியையும் கோணத்தையும் பற்றி வாதாடும்போது, நடுவில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை. கேமரன் அம்மையார் 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறந்து, பொகவந்தலாவை ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டுகளில் அவர் எடுத்து எஞ்சியிருக்கும் சில படங்களில் தோட்டத் தொழிலாளர் இருக்கின்றனர். நம் தமிழரும் உள்ளனர். டென்னிசனுக்குப் பெயர் உண்டு. டார்வினுக்குப் பெயர் உண்டு. வைட் தீவு வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியருக்கும் பெயர் உண்டு. கடல் தாண்டிப் போய் மலையேறிய இவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் குறிக்கப்படவில்லை. ஃபோகஸைப் பற்றி அத்தனை மை சிந்திய விமர்சகர் உலகில், "இவர் யார்?" என்று அந்நாளில் கேட்டவர் உண்டா? இங்கே அக்குவினாரின் இரண்டாவது விதி வந்துவிடுகிறது. ஃபோகஸ் கலங்கியது கலையின் காரியம். தெரிந்து செய்தால் மேன்மை. ஒரு மனிதரை முதுகாக, கூட்டமாக, வறுமையின் அழகாக மட்டும் ஆக்குவது ஒழுக்கத்தின் காரியம். அதைத் தெரிந்து செய்தால் குறை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தெரியாமல் செய்தவருக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். பரிசளிக்கும் நடுவர்கள் இதையும் தங்கள் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. குழிவிழுந்த கண்ணும் சுருங்கிய தோலும் பரிசை நிச்சயமாக்கும் என்று இளைஞர்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பரிசுகளே ஊட்டியிருக்கின்றன.

அந்த இளைஞர் அன்று மறுமொழி ஏதும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவின் தெருவுக்குப் போனார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். படத்தில் இருந்த மற்றவர்களின் பெயர்களையும் அவரிடமே கேட்டறிந்தார். "ஒண்ணு நல்லா எடு தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். திண்ணை ஓரத்தில், கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல், கேமராவை நேரே நோக்கி நின்றார். உச்சி வெயில், முகத்தில் நிழல் கடுமையாக விழுந்திருக்கிறது, பின்னால் கொடியில் துணி தொங்குகிறது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். வரப்பு மட்டும் இம்முறை நேராக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நம்மிடம் சொன்னார். அந்தப் படம் இப்போது அந்த அம்மாவின் வீட்டில், மாதாவின் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. முதல் படத்தை அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது பங்கு மண்டபத்துச் சுவரிலேயே இருக்கிறது. கீழே ஏழு பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன.